இருபத்தேழும் இரண்டும்

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைப் போட்டு முடிச்சை இறுக்கும்போது ஆவுடையப்பனுக்கு ஒரு நொடி மூச்சு அடைத்துத் திரும்பி வரும். மாதத்துக்கு இரண்டு தடவை, பத்தொன்பது வருஷமாக இப்படித்தான், இன்றைக்கும் அடைத்தது, வந்தது. கண்ணாடியில் தன் முகம். அறுபத்து மூன்று வயது, தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற முகம், தெருவில் நாலு பேர் கணக்கப்பிள்ளை என்று மரியாதை வைத்திருக்கும் முகம், துணிக்கு மேலே தலை மட்டும் தெரிகையில் யாரோ கழற்றி அலமாரியில் வைத்தது மாதிரி இருந்தது. பின்னால் கடைக்காரன் சண்முகவேல் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் மைக் கட்டுகிறவன் அலோ அலோ என்று ஊதிவிட்டு, ஒன்னு ரெண்டு மூணு, ஒன்னு ரெண்டு மூணு என்று எண்ணினான், மூன்றைத் தாண்டிப் போகவே மாட்டான், அவனுக்குக் கணக்கு தப்ப வழியில்லை. மணி ஐந்து. ஆறு மணிக்கு அந்த மைக்கில் ஆவுடையப்பன் கணக்கு வாசிக்க வேண்டும். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு மூன்று தெருவும் சேர்ந்து போடுகிற அன்னதானம், அதன் வரவு செலவு, விசாகம் கழிந்த ஏழாம் நாள். நீள நோட்டு ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது, பை ஆணியில் தொங்குகிறது, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது. வருஷத்துக்கு ஒரு பக்கம், ஒரே நோட்டு, எல்லாம் அவர் கையெழுத்து. அந்த நோட்டைக் கொண்டு வந்து இந்தக் கடையிலேயே தொங்கவிட்டுவிட்டு உட்கார ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று அவரே வருஷா வருஷம் நினைத்துக்கொள்வார், நினைத்துவிட்டு உட்காருவார்.

கடையில் கண்ணாடி இரண்டு, நாற்காலி ஒன்று. இடது பக்கக் கண்ணாடிக்கு முன்னால் யாரும் உட்காருவதில்லை, உட்கார எதுவும் இல்லை, தரையில் நான்கு ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்த தடம் மட்டும் இருக்கிறது. சிமெண்டு தரையை விடக் கொஞ்சம் வெளுப்பு. நான்கு காசை வரிசை தப்பாமல் வைத்த மாதிரி. கூட்டிப் பெருக்கும்போது முடி அந்த நான்கு இடத்திலும் கொஞ்சம் தங்கும், சண்முகவேல் துடைப்பத்தின் நுனியால் கிள்ளி எடுப்பான். பார்க்கக் கூடாது என்று உட்காரும்போதே கண்ணை வலது பக்கம் திருப்பிக்கொள்வார் ஆவுடையப்பன், ஆனால் காதோரம் வெட்டுகையில் சண்முகவேல் இரண்டு விரலால் தலையை இடது பக்கம் சாய்ப்பான், சாய்த்த இடத்தில் அந்த நான்கு தடம் வந்து நிற்கும். வேண்டுமென்று சாய்க்கிறானா. வலது காதை வெட்ட இடது பக்கம்தானே சாய்க்க வேண்டும், ஊரில் எல்லா நாவிதரும் அப்படித்தானே செய்வார்கள். வேறு கடைக்குப் போயிருக்கலாம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்டதே நாலு இருக்கிறது. முதல் இரண்டு மாதம் போகவும் செய்தார். பிறகு, ஏன் அண்ணாச்சி சம்முகவேல் கடைக்கு வாறதில்லை என்று யாரோ பேச்சுவாக்கில் கேட்டார்கள், அன்று சாயங்காலமே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். வராமல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும், வந்து உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த சமாதானம்தான், ஆனால் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

முடி வெட்டி முடிந்து கன்னத்தில் நுரை ஏறியது. முகவாயில், மேலுதட்டில், காதுக்குக் கீழே. பிரஷ் ஈரமாக, குளிர்ச்சியாக, சின்ன வயதில் ஆடு வந்து கையை நக்கினது போல. அலமாரி மேல் ரேடியோ தணிவாகப் பாடிக்கொண்டிருந்தது. நுரை வாயை மூடிவிட்டால் பேச வேண்டியதில்லை, அதற்காகவே ஷேவிங்கும் இங்கேயே வைத்துக்கொண்டாரோ என்னவோ. அந்த நேரத்தில்தான் செல்வின் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மொபைல் ரீசார்ஜ் கடைக்காரன், நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இந்தத் தெருவில் கடை போட்டு மூன்று வருஷம்தான் ஆகிறது, தெருவின் பழைய கதை ஒன்றும் தெரியாது. போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இதைக் கேளுங்க, மண்டை காயுது," என்றான் சண்முகவேலிடம். "மூணு பேரு ஓட்டல்ல சாப்பிடுதாங்க. பில்லு முப்பது. ஆளுக்குப் பத்து குடுத்தாச்சு. மொதலாளி பில்லைப் பாத்துட்டு, தப்பாப் போட்டுட்டோம், இருபத்தஞ்சுதான், அஞ்சைத் திருப்பிக் குடுத்துட்டு வான்னு சர்வர்கிட்ட குடுக்காரு. சர்வரு ரெண்டைத் தான் வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒன்னு குடுக்கான். அப்ப ஆளுக்கு ஒம்பதுதான் செலவு. மூவொம்பது இருபத்தேழு. சர்வர் கையில ரெண்டு. இருபத்தொம்பது. மீதி ஒத்த ரூவா எங்கண்ணே போச்சு?"

கத்தி தொண்டையில் இருந்தது. கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்த கத்தி, குரல்வளை முடிச்சுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. நின்றதா, அல்லது எப்போதும் அங்கே நின்றுதான் போகுமா, இத்தனை வருஷம் கவனித்ததில்லை. மூவொம்பது இருபத்தேழு. அதே வாய்ப்பாடு, அதே கை, அதே இரண்டு. ஆவுடையப்பனுக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு மைக் கட்டுகிறவன் எண்ணுவது தூரத்தில் கேட்டது. சண்முகவேல் கத்தியை எடுத்து நுரையைக் காகிதத்தில் துடைத்தான். "மூணு பேரு முப்பது ரூவாய்க்குச் சாப்பிட்டாங்களா, எந்த ஊர்ல?" என்றான். செல்வின் சிரித்தான். "கணக்குண்ணே, கணக்கு. எட்டு லட்சம் பேரு பாத்திருக்கான், ஒருத்தனுக்கும் விடை தெரியல." சண்முகவேல் மறுபடி குனிந்து தாடைக்கு அடியில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "கணக்குன்னா அண்ணாச்சியைக் கேளுங்க," என்றான். "அவரு சொன்னாச் சரியா இருக்கும். இப்பப் பேசப்படாது, முடியட்டும்."

அவரு சொன்னாச் சரியா இருக்கும். இதைப் பொன்னையா சொன்னாரா அன்றைக்கு, இல்லை, பொன்னையா கேட்கத்தான் செய்தார், பலசரக்குக்கடைப் பொன்னையா, நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்து பத்து வருஷம் இருக்கும். இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் விசாகத்தன்று நல்ல மழை. நடந்து வருகிறவர்கள் கூட்டம் பாதிகூட இல்லை. வடக்குத் தெரு, நடுத்தெரு, தெற்குத் தெரு, தெருவுக்குப் பத்தாயிரம் என்று முப்பதாயிரம் வசூல் பண்ணிச் சமையல்காரரிடம் பேசி முடித்தது சண்முகவேல்தான், அவனிடம்தான் மொபெட் இருந்தது, அலுக்காமல் அலைவான், சொன்ன வேலையைச் செய்வான். கூட்டம் குறைந்ததால் சமையல்காரர் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். சண்முகவேல் அன்றைக்கே தெருவுக்கு ஆயிரம் என்று மூவாயிரத்தைக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, இரண்டாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டான். பாத்திர வாடகையும் வண்டி வாடகையும் கொடுக்க வேண்டியிருந்தது, அதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்துக்கொண்டான். ஏழாம் நாள் மண்டபத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் பொன்னையா விரலை மடக்கினார். "தப்பா நினைக்காத சம்முகவேலு, ஒரு கணக்குத்தான் கேக்கேன். தெருவுக்கு ஒம்பதாயிரம் செலவு. மூவொம்பது இருபத்தேழு. ஒன் கையில ரெண்டு. இருபத்தொம்பது. ஆயிரம் எங்க?" மண்டபத்தில் மழை ஈரம், பாய் ஈரம், யாரோ கொண்டு வந்த சுண்டல் வாசம். பிறகு பொன்னையா தலையைத் திருப்பி, "என்ன கணக்கப்பிள்ளை, சரிதான?" என்றார். எல்லா முகமும் திரும்பியது.

ஆவுடையப்பன் பென்சிலால் இருபத்தேழு என்று எழுதினார், அதன் கீழே இரண்டு, ஒரு கோடு, இருபத்தொன்பது. கூட்டலில் பிழையே இல்லை, அதுதான் கேடு, எத்தனை தடவை கூட்டினாலும் இருபத்தொன்பதுதான் வரும். கம்பெனியில் அதுவரை பதினெட்டு வருஷமாகச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் செய்த வேலை அது ஒன்றுதான். செலவுச் சீட்டை எல்லாம் கூட்டு, பெட்டியில் கையிருப்பை எண்ணு, இரண்டையும் கூட்டினால் காலையில் இருந்த பணம் வர வேண்டும், வரவில்லையானால் எவனோ எடுத்திருக்கிறான். செலவு, கையிருப்பு, கூட்டு. பொன்னையா கையில் இரண்டு என்று சொன்ன உடனே விரல் தானாகக் கூட்டிவிட்டது. யார் கை என்று விரல் கேட்கவில்லை. செலவு தெருக்காரர் செலவு, கை சண்முகவேல் கை. தெருக்காரர் கையிருப்பு மூவாயிரம், திரும்பி வந்த மூவாயிரம், அதை இருபத்தேழோடு கூட்டினால் முப்பது வரும். சண்முகவேல் கையில் இருந்த இரண்டோ இருபத்தேழுக்குள்ளேயே இருக்கிறது, இருபத்தைந்து சமையலுக்கு, இரண்டு அவனிடம், அதுதான் இருபத்தேழு. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைத்து மறுபடி ஒரு தடவை கூட்டினால் என்ன வரும், எதுவோ வரும், அதற்குப் பேர் கணக்கில்லை. ஒரு கேஷியர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கொத்தனாரைக் கேட்டிருந்தால் கூட, சமையலுக்கு எவ்வளவு போச்சு, மிச்சம் எவ்வளவு என்று முதலிலிருந்து கேட்டிருப்பார். ஆவுடையப்பன் கணக்குத் தெரிந்தவர், தலையை ஆட்டினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலைதான் ஆடியது, இந்தத் தலை, இப்போது சண்முகவேலின் இரண்டு விரலுக்கு நடுவே இருக்கிற இந்தத் தலை.

சண்முகவேல் அன்றைக்குத் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். "நான் எடுக்கல அண்ணாச்சி," என்று ஒரு தடவைதான் சொன்னான், பொன்னையாவிடம் இல்லை, இவரைப் பார்த்து. பிறகு விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே மண்டபத்தை விட்டு இறங்கிப் போனான். மூன்றாம் நாள் ஆயிரம் ரூபாய், ஒற்றை நோட்டு, பொன்னையா கையில் கொடுத்துவிட்டான், பொன்னையா கொண்டு வந்து இவரிடம் கொடுத்தார், பாவம் வீட்டுக் கஷ்டம்போல, போகட்டும், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். மூன்று தெருவுக்கும் தெரிந்த விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீள நோட்டில் நல்ல பிரதி எழுத உட்கார்ந்தார். வரவு முப்பது. சமையல் இருபத்தைந்து. தெருக்களுக்குத் திருப்பியது மூன்று. பாத்திரம் ஆயிரத்து நானூறு, வண்டி அறுநூறு, இரண்டு. ஆக முப்பது. கோடு போட்டாயிற்று, கணக்கு முடிந்தது, மேஜை மேல் அந்த ஆயிரம் ரூபாய் நோட்டு அப்படியே கிடந்தது. அதற்கு உட்கார இடமே இல்லை. இல்லாத ஒரு குறையை அடைக்க நிஜமான ஒரு நோட்டு வந்திருந்தது. மனைவி சிவகாமி வந்து, காப்பி ஆறுதே, என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க என்றாள். ஒண்ணுமில்லை என்றார். அப்போதே எழுந்து போயிருக்கலாம், இரண்டு நிமிஷ நடை. குளித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டு. பிறகு திங்கட்கிழமை கம்பெனி விட்டு வரும்போது. திங்கட்கிழமை வரும்போது இந்தக் கடை வாசலில் நின்று பார்த்தார், இரண்டு நாற்காலி இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது, தரையில் நான்கு ஓட்டை. கயத்தாறில் புதிதாகக் கடை போட்ட ஒருவனுக்கு ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டானாம், அவசரத்துக்கு விற்றால் அவ்வளவுதான் கிடைக்கும். அதற்குப் பிறகு சொல்வதானால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அதைவிட ஒரு வாரம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தள்ளிப் போட்ட ஒவ்வொரு நாளும் தன் பங்குக்கு ஒரு பொய்யைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிற்று. நோட்டை ஒரு கவரில் போட்டு நீள நோட்டின் அட்டைக்குள் செருகினார்.

அந்த இரண்டாவது நாற்காலியில் வேலை பார்த்தது சண்முகவேலின் தம்பி முத்துராசு. நாற்காலி போன பிறகு அவனுக்கு இங்கே என்ன வேலை, திருப்பூருக்குப் போனான், பனியன் கம்பெனி, அங்கேயே ஆகிவிட்டான். ஆயிரம் ரூபாய் என்று சொல்கிறோம், ஒரு நாற்காலி, ஒரு தம்பி, பாதி வருமானம், பண்டிகைக்கு முதல் நாள் பெஞ்சில் காத்திருந்து சலித்து எழுந்து போன ஆட்கள், இதை எல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதுவது. ஆவுடையப்பன் வேறொன்றும் கண்டுபிடித்திருந்தார், யாரிடமும் சொல்லாத கண்டுபிடிப்பு. அன்றைக்குக் கூட்டம் இன்னும் குறைந்து சமையல்காரர் பதினைந்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அதில் மூவாயிரத்தைச் சண்முகவேல் வைத்துக்கொண்டு தெருவுக்கு நாலாயிரம் கொடுத்திருந்தால், தெருவுக்கு ஆறாயிரம் செலவு, மூவாறு பதினெட்டு, அவன் கையில் மூன்று, இருபத்தொன்று, மீதி ஒன்பதாயிரம் எங்கே என்று பொன்னையா கேட்டிருந்தால் மண்டபமே சிரித்திருக்கும், என்ன அண்ணாச்சி கணக்கு இது என்றிருப்பார்கள். இருபத்தொன்பது முப்பதுக்குப் பக்கத்து வீடு, அதனால்தான் வினை. குறை பெரிதாக இருந்தால் கணக்கைச் சந்தேகப்படுகிறோம், சின்னதாக இருந்தால் ஆளைச் சந்தேகப்படுகிறோம். அதிலும் எந்த ஆளை. அந்த இரண்டாயிரம் பொன்னையா கையில் இருந்திருந்தால் யாராவது விரலை மடக்கி வாய்ப்பாடு சொல்லியிருப்பார்களா, சொல்லியிருக்க மாட்டார்கள், சவரக்கடைக்காரன் கை என்பதால் சொன்னார்கள், இதுவும் அவருக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்துதான் தலை ஆடியதோ என்கிற பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் போனால் மனசு உடனே திரும்பி வந்துவிடும், நுரை, ரேடியோ, ஒன்னு ரெண்டு மூணு.

பணம் செல்லாது என்று அறிவித்த வருஷம் ஊரே பாங்கு வாசலில் நின்றது. ஆவுடையப்பனும் நின்றார், தன் பணத்தை எல்லாம் மாற்றினார், அந்த ஒரு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. யார் பணம் என்று படிவத்தில் எழுதுவது. கடைசித் தேதி கழிந்த மறுநாள் கவரைத் திறந்து பார்த்தார், புது நோட்டு, மடிப்புக்கூட விழவில்லை, வெறும் காகிதம். காணாமல் போனதாக அவர் தலையாட்டிய ஆயிரம், அன்றைக்குத்தான் நிஜமாகவே காணாமல் போயிற்று. இத்தனையும் தன் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இருட்டு என்று நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் எட்டு லட்சம் பேர் போனில் பார்த்துச் சிரிக்கிற விடுகதையாம். எத்தனை வருஷத்து விடுகதையோ. சண்முகவேலுக்குத் தெரியுமா. தெரியாது, தெரிந்திருந்தால் இந்தக் கத்தி நானூறு தடவைக்கு மேல் இந்தத் தொண்டையில் ஏறி இறங்கியிருக்கிறதே, ஒரு தடவையாவது கீறியிருக்காதா, ஒரு தடவைகூடக் கீறியதில்லை. தெரியாமல்தான் அத்தனை பேருக்கும் மீதிச் சில்லறையை இரண்டு தடவை வாய்விட்டு எண்ணிக் கொடுக்கிறானா. முன்பெல்லாம் அப்படி எண்ண மாட்டான், மேஜை டிராயரில் கையை விட்டு அள்ளி நீட்டுவான். மண்டபத்துச் சம்பவத்துக்குப் பிறகு வந்த பழக்கம். அஞ்சு ரூபாய் மீதிக்கும் எண்ணுவான், சத்தமாக, கடையில் உள்ளவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எண்ணிவிட்டு, பாத்துக்கோங்க என்பான். அந்தப் பாத்துக்கோங்கவைக் கேட்கும்போது ஆவுடையப்பன் சில்லறையைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே?" என்றான் செல்வின், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். சண்முகவேல் கத்தியைத் திருப்பிப் பிடித்துக் கடைசி இழுப்புக்குத் தயாரானான். கண்ணாடியில் அவன் முகம் ஆவுடையப்பன் முகத்துக்கு மேலே, பாதி நரைத்த மீசை, நெற்றியில் வியர்வை. "ரெண்டைக் கூட்டப்படாது தம்பி," என்றான் சாதாரணமாக, முடி நீளமா வேணுமா குட்டையா வேணுமா என்று கேட்கிற குரலில். "அந்த ரெண்டு இருபத்தேழுக்குள்ளயேதான் இருக்கு. இருபத்தஞ்சு கடைக்காரருக்கு, ரெண்டு சர்வருக்கு. திரும்பி வந்த மூணைக் கூட்டுங்க, முப்பது. ஒத்த ரூவாயும் எங்கயும் போகல." பிறகு கண்ணாடிக்குள்ளே நேராகப் பார்த்தான். "என்ன அண்ணாச்சி, சரிதான?"

ஆவுடையப்பனின் தலை ஆடியது. அந்தத் தலைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கழுத்தில் மெல்லிசாக ஒரு குளிர்ச்சி, பிறகு சுருக்கென்று எரிச்சல், நுரையில் ஒரு சிவப்புக் கோடு. "தலையை ஆட்டாதீக," என்றான் சண்முகவேல். "கத்தி இருக்குல்லா. சரின்னா வாயால சொல்லுங்க." படிகாரக் கட்டியை நனைத்துக் காயத்தில் வைத்தான். எரிந்தது. "சரிதான்," என்றார். அவர் குரல் இல்லை அது. "சரிதான் சம்முகவேலு. அன்னைக்கும் அதுதான் சரி. நான் கூட்டினதுதான் தப்பு. ஞாயித்துக்கிழமை காலையிலேயே தெரிஞ்சுபோச்சு. வந்து சொல்லல." செல்வின் போனைத் தாழ்த்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சண்முகவேல் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டான், காது மடலுக்குப் பின்னால், மூக்கோரம், ஒரு இடம் பாக்கி வைக்காமல். "எனக்கு அன்னைக்கு மண்டபத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கையிலேயே தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி," என்றான். "விரலை விட்டு எண்ணிப் பாத்தேன். முப்பது வந்துச்சு. திருப்பி எண்ணினேன். முப்பதுதான்."

"பின்ன ஏன் கட்டினே?" கேட்கக் கூடாத கேள்வி, வாயிலிருந்து விழுந்துவிட்டது. சண்முகவேல் துண்டை உதறி மடித்தான். "யார்ட்ட போய்ச் சொல்ல. கணக்கப்பிள்ளையே சரின்னு தலையாட்டிட்டாரு. கணக்குத் தெரிஞ்சவரு சொன்னப்புறம் நான் ஒரு கணக்குச் சொன்னா எடுபடுமா?" அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் ஆவுடையப்பன் தாங்கியிருப்பார், பத்தொன்பது வருஷமாக அந்தக் கோபத்துக்குத்தான் கழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அது இல்லை. எழுந்து போய் ஆணியிலிருந்த பையை எடுத்து, அட்டைக்குள்ளிருந்து கவரை உருவி நீட்டினார். சண்முகவேல் நோட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான், திருப்பியும் பார்த்தான். "இது செல்லாதே அண்ணாச்சி," என்றான், திரும்பக் கவரிலேயே போட்டான். "நான் வேற நோட்டு தாரேன். நாற்காலி வாங்கித் தாரேன்," என்றார் ஆவுடையப்பன். "எதுக்கு. அதுல உக்கார ஆளு திருப்பூர்ல இருக்கான். அவனுக்குப் பேரன் பேத்தி வந்தாச்சு." சண்முகவேல் கத்தியைக் கழுவி வைத்தான். "இதை இங்க வந்து எனக்குச் சொல்லி என்ன செய்ய, எனக்குத்தான் தெரியுமே. எங்க கேட்டாகளோ அங்கல்ல சொல்லணும்." "ஆறு மணிக்கு வாசிக்கோம். நீ வாறியா?" "நான் அங்க ஏறுறதில்ல. வருஷா வருஷம் நீங்க வாசிக்கது இங்க கேக்கத்தான் செய்யுது. கேட்டதும் ரேடியோவைக் கூட்டி வச்சிருவேன்." ஆவுடையப்பன் இருநூறு ரூபாயை நீட்டினார். சண்முகவேல் டிராயரைத் திறந்து பத்து ரூபாய்த் தாள்களாக எடுத்தான். "இருநூறு குடுத்தீக. நூத்தம்பது போக அம்பது. பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது." மறுபடி முதலிலிருந்து, "பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது. பாத்துக்கோங்க."

மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், பதினைந்து பேர் இருப்பார்கள். அன்றைக்கு இருந்தவர்களில் மூன்று பேர்தான் பாக்கி, அதில் ஒருவருக்குக் காது கேட்காது. பொன்னையா உட்காருகிற இடத்தில் அவர் மகன் போனில் ஏதோ தடவிக்கொண்டிருந்தான். யாருக்குச் சொல்வது என்று ஒரு கணம் கால் தயங்கியது. கேட்ட முகங்கள் போய்விட்டன, கேட்ட கேள்வி மட்டும் தூணோரம் நிற்கிறது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே சவரக்கடையில் ரேடியோ சத்தமாகக் கிளம்பியது, எல்லா வருஷமும் போல. எல்லா வருஷமும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், என்ன இவன் நேரங்காலம் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டே வாசித்திருக்கிறார். நீள நோட்டைத் திறந்து, இந்த வருஷத்துப் பக்கத்தில் நிற்காமல் பின்னாலேயே புரட்டிக்கொண்டு போனார். "அண்ணாச்சி, அது பழசு," என்று பொன்னையா மகன் குனிந்து மெதுவாகச் சொன்னான். "தெரியும்பா," என்றார், அது மைக்கில் தெரு முழுக்கக் கேட்டது. கழுத்தில் படிகாரம் வைத்த இடம் எரிந்தது.

"இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் வைகாசி விசாக அன்னதானக் கணக்கு," என்று வாசித்தார். "வரவு முப்பதாயிரம். சமையலுக்கு இருபத்தைந்தாயிரம். மூன்று தெருவுக்கும் திருப்பிக் கொடுத்தது மூவாயிரம். பாத்திரம், வண்டி வகைக்குச் சண்முகவேல் அவர்கள் கையில் இரண்டாயிரம், அதற்கு ரசீது இருக்கிறது. ஆக முப்பதாயிரம். குறை எதுவும் இல்லை. ஆயிரம் ரூபாய் குறைகிறது என்று சண்முகவேல் அவர்களிடம் இந்த இடத்தில் கேட்டது தவறு. அந்தக் கூட்டலைச் சரி என்று தலையாட்டியது நான். தவறு என்று தெரிந்த பிறகும் பத்தொன்பது வருஷம் சொல்லாமல் இருந்ததும் நான்." அவர்கள் என்ற சொல் அந்தப் பேருக்குப் பின்னால் இந்த மைக்கில் முதல் தடவையாக வந்தது, நன்கொடை கொடுத்தவர்களுக்கு எல்லாம் வாசிக்கிற சொல்தான். போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். காது கேட்காதவர் பக்கத்து ஆளிடம் என்ன என்ன என்று கேட்டார். சொன்ன வார்த்தைகள் எதிர்ச் சுவரில் பட்டு ஒரு நொடி கழித்துத் திரும்பி வந்தன, வேறு யாரோ இவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. எதிரே ரேடியோ நின்றது. கடை வாசலில் யாரும் வரவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஆவுடையப்பன் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு விரலைத் திரும்பவும் முதல் வரியில் வைத்து, சத்தமாக, இரண்டாம் தடவையும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார், வரவு முப்பதாயிரம்.